உறையூர் போய்வந்த பெருமாளும் 1533 எபிசோடும்

தொடர்கள் இப்போதுதான் பிரமாதமாக வருகின்றன என்று ஊரெங்கும் பேச்சு. எட்டே எபிசோடு. ராத்திரி உட்கார்ந்தால் விடிவதற்குள் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிடுகிறது, நிம்மதியாகப் பல் தேய்க்கப் போகலாம் என்கிறார்கள். சரி, போகட்டும். ஆனால் இதை ஏதோ அமெரிக்காக்காரன் கண்டுபிடித்து அமேசான் மூலம் நமக்குப் பார்சல் அனுப்பிய சரக்காகப் பேசுவதுதான் பொறுக்கவில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஸ்ரீரங்கம் தீவில் இந்த வித்தை பல நூறு வருஷமாக நடந்து வருகிறது. நடுவில் இருபது வருஷம் நமக்கு மறந்துபோயிற்று, அவ்வளவுதான்.

ஊரின் தலபுராணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாபிஷேகம் முடிந்து இலங்கைக்குக் கிளம்பிய விபீஷணனுக்கு ராமர் ரங்கநாதரைப் பரிசாகக் கொடுக்கிறார். ஒரே நிபந்தனை: வழியில் கீழே வைக்கக் கூடாது. கதையில் ஒன்றைக் கூடாது என்று சொல்லிவிட்டால் அது அடுத்த காட்சியில் நடந்தே தீர வேண்டும் என்பது விபீஷணனுக்குத் தெரியாது. காவிரியைப் பார்த்ததும் அனுஷ்டானம் நினைவுக்கு வருகிறது. கரையில் ஒரு மாடு மேய்க்கிற பையன். “தம்பி, கொஞ்சம் பிடிச்சுக்கோ” என்று கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்குகிறார். பையன் சிலையைத் தரையில் வைத்துவிட்டு ஓட்டம் பிடிக்கிறான். விபீஷணன் ஈர வேட்டியோடு திருச்சிவரை துரத்துகிறார். பையன் மலை மேல் ஏறுகிறான். உச்சியில் மடக்கி, தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்த பிறகுதான் தெரிகிறது, பையன் சாட்சாத் பிள்ளையார்!

ஒரு பரிசு, ஒரு நிபந்தனை, ஒரு துரத்தல், மலை உச்சியில் ஒரு திருப்பம். பாட்டு கிடையாது, பழைய காட்சிகளைத் திரும்பக் காட்டுவது கிடையாது. ரங்கநாதர் தெற்கு நோக்கிப் படுத்தபடி இலங்கையைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், பிள்ளையார் உச்சியிலேயே தங்கிவிடுகிறார். நெற்றியில் குட்டு வாங்கிய தழும்பு இன்றைக்கும் இருக்கிறது என்பார்கள். முடிந்தது கதை. ரத்தினச் சுருக்கம்.

இது காவியம், குடும்பக் கதை இருக்கிறதா என்று கேட்பவர்கள் பங்குனி மாதம் வர வேண்டும். பங்குனித் திருவிழாவின் ஆறாம் நாள் உற்சவரான நம்பெருமாள் காவிரியைத் தாண்டி உறையூர் போகிறார். அங்கே கமலவல்லி நாச்சியார் இருக்கிறாள், சோழ ராஜகுமாரி. அன்று அவளுடைய திருநட்சத்திரமான ஆயில்யம். இருவரும் சேர்ந்து காட்சி தருகிறார்கள். பெருமாள் அன்றைக்கே ஊர் திரும்பிவிடுகிறார். ஆனால் வீட்டில் இருக்கும் ரங்கநாயகித் தாயாருக்குத் தகவல் அதற்கு முன்னால் வந்து சேர்ந்துவிடுகிறது. உறையூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் தகவல் எப்போதுமே பல்லக்கைவிட வேகமாகப் போகும்.

பங்குனி உத்திரத்தன்று பெருமாள் தாயார் சந்நிதி வாசலுக்கு வருகிறார். கதவு முகத்துக்கு நேராகச் சாத்தப்படுகிறது. மறுபடி வருகிறார், மறுபடி சாத்தப்படுகிறது. பூப்பந்து பறக்கிறது, வாழை மட்டை பறக்கிறது. மட்டையடி என்றே இந்த உற்சவத்துக்குப் பெயர். சமஸ்கிருதத்தில் நாசூக்காகப் பிரணய கலகம் என்பார்கள், மட்டை அதே மட்டைதான். பெருமாள் கட்சிக்கு வசனம் பேச ஆள் உண்டு, தாயார் கட்சிக்கும் உண்டு. கலைந்த கேசம், களைத்த முகம், எங்கே போயிருந்தீர் என்று அந்தப் பக்கம் கேள்வி. வேட்டைக்குப் போனேன், வெயில், அலைச்சல் என்று இந்தப் பக்கம் சமாளிப்பு. சத்தியம் வேண்டுமானால் செய்கிறேன், கடலில் மூழ்கட்டுமா, பாம்புக் குடத்தில் கைவிடட்டுமா என்கிறார் பெருமாள். நீர் படுத்திருப்பதே கடலில், படுக்கையே பாம்பு, இது ஒரு சத்தியமா என்கிறாள் தாயார். இப்படி ஒரு பதில் வசனம் எழுத இன்றைக்கு ஒரு கதை இலாகாவே ஹோட்டலில் அறை எடுத்து உட்கார வேண்டும்.

கடைசியில் நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் பேசுகிறார். தாயார் மனம் இறங்குகிறாள். சேர்த்தி சேவை. ராமானுஜர் கத்யத்ரயத்தை அருளிச்செய்ததும் இந்த உத்திரத்தில்தான் என்பது சம்பிரதாயம். கவனியுங்கள்: ஆறாம் நாள் குற்றம், ஒன்பதாம் நாள் தீர்ப்பு. இரண்டு வீட்டுக் கதையை ஸ்ரீரங்கத்தார் நாலு நாளில் முடித்துவிடுகிறார்கள். வருஷா வருஷம் அதே கதை, அதே முடிவு, கூட்டம் மட்டும் குறைந்தபாடில்லை.

தரக் கட்டுப்பாட்டுக்கும் இந்த ஊர்தான் முன்னோடி. கம்பர் ராமாயணத்தை எழுதி முடித்து அரங்கேற்றுவதற்கு ஸ்ரீரங்கம் வந்த கதை கல்வெட்டில் இல்லை, வாய்வழியாக இருக்கிறது. வாய்வழிக் கதையில் சுவாரசியம் கூடுதல் என்பதால் அதையே நம்புவோம். பத்தாயிரத்துச் சொச்சம் பாட்டு, ஆறு காண்டம். சுவடிக் கட்டைப் பார்த்ததும் சபையோருக்கு வயிறு கலங்கியிருக்க வேண்டும். வேண்டாம் என்று நேராகச் சொன்னால் மரியாதையாக இருக்காது. ஆகையால் குழு போட்டார்கள்.

“ஓய் கம்பரே, பிரமாதமா இருக்கு. ஆனா தில்லை தீட்சிதர்கள்கிட்ட ஒரு சம்மதம் வாங்கிண்டு வந்துடும்.”

கம்பர் சிதம்பரம் போனார். அங்கே தீட்சிதர்கள் மூவாயிரம் பேரும் ஒரே இடத்தில் கூடி ஒரே கருத்துச் சொன்னால்தான் சம்மதம். மூவாயிரம் பேர் ஒரே கருத்துச் சொல்வது எங்கே? அந்த நேரத்தில் ஒரு குழந்தையைப் பாம்பு கடிக்க, ஊரே கூடி நிற்க, கம்பர் நாகபாசப் படலத்தைப் பாட, விஷம் இறங்கிக் குழந்தை பிழைத்ததாம். கையெழுத்து கிடைத்தது. ஸ்ரீரங்கம் திரும்பினால் அடுத்த ஆட்சேபம் பெருமாளிடமிருந்தே வருகிறது: நம் சடகோபனை, அதாவது நம்மாழ்வாரை, பாடினாயா? கம்பர் மூச்சுவிடாமல் உட்கார்ந்து சடகோபர் அந்தாதி எழுதிக் கொடுக்கிறார். அதன்பிறகும் ஒருவர் எழுந்து, இரணியன் வதை வால்மீகியில் இல்லையே, ராமர் கதையில் நரசிம்மருக்கு என்ன வேலை என்கிறார். எதிரே மேட்டழகியசிங்கர் சந்நிதி. உள்ளேயிருந்து நரசிம்மர் தலையை அசைத்து ஒரு சிரிப்புச் சிரித்தாராம். சபை அதோடு அடங்கியது. தாயார் சந்நிதிக்கு முன்னால் கம்பர் மண்டபம் இன்றைக்கும் நிற்கிறது. இன்றைய தொடர் எழுத்தாளர்களும் குழுக்களைப் பார்த்தவர்கள்தான், ஆனால் அவர்களுக்காகச் சிரிக்க நரசிம்மர் கிடைப்பதில்லை.

இதில் முக்கியமான விஷயம் வேறு. கம்பர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திவிட்டார். அதற்கு மேல் கதை இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். நிறுத்தினார். ராமருக்கு முடிசூட்டி, ஜனங்களைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பினார். தமிழில் உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரில்தான் வழங்குகிறது. ஒரிஜினல் ஓடிய பிறகு இன்னொருவர் எழுதிய தொடர்ச்சி என்ற வழக்கமும் நமக்குப் புதிதல்ல.

நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியவர்களும் உண்டு. அச்சுததேவ ராயர் காலத்தில் தொடங்கிய தெற்கு ராஜகோபுரம் 1542-இல் அவர் காலமானதோடு நின்றுபோனது. மொட்டைக் கோபுரம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் அடுத்த பாகத்துக்காக நாலு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது. அகோபில மடத்து 44-ஆம் பட்டம் ஜீயர் முயற்சியில் 13 நிலை, 236 அடியில் எழுந்து 1987 மார்ச்சில் கும்பாபிஷேகம் ஆயிற்று. அந்த மார்ச்சில் ஊர் வானத்தில் இன்னொரு மாற்றமும் தெரிந்தது. மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஆண்டெனா.

அதற்கு முன் திருச்சிக்காரர்களுக்கு ரேடியோதான். 1939-லேயே திருச்சிக்கு வானொலி நிலையம் வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் ஒருவர் அங்கே நாடகம் எழுதிப் பழகிவிட்டுச் சென்னைக்குப் போய் வாலி ஆனார். இன்னொரு ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் கதை எழுதி சுஜாதா ஆனார். அறுபதுகளில் அந்த நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டு டெல்டா விவசாயிகள் ஆடுதுறை 27 என்ற நெல்லை விதைத்தார்கள், அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வந்தது. நிகழ்ச்சியின் தரத்தை மூட்டைக் கணக்கில் அளந்தது அந்த ஒரு முறைதான்.

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டு 15-இல் பிறந்தது. அது தெற்கே வந்து சேரும்வரை டெல்டாவிலும் கடலோரத்திலும் நம் ஆட்கள் மூங்கில் கழியில் ஆண்டெனாவைக் கட்டி இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விபீஷணன் விட்டுப்போனதற்கு இலங்கை செய்த பதில் மரியாதை. மாடியில் ஒருவர் கழியைத் திருப்ப, முற்றத்தில் ஒருவர் “வருது, வருது, போச்சு!” என்று நேர்முக வர்ணனை கொடுக்க, கூடத்தில் பாட்டி புள்ளி மழையைப் பார்த்து “யாருடா இவா?” என்று கேட்பதே ஒரு நல்ல நாடகம்.

தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு சாயங்காலம் சினிமா, நடுநடுவே ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை. அந்த அட்டைக்கு அளவுகடந்த ரசிகர்கள் இல்லாவிட்டாலும் அளவுகடந்த நேரம் கிடைத்தது. ஆனால் ஒரு நல்லதை அந்தச் சர்க்கார் தெரியாமலே செய்தது. தொடர் என்றால் 13 வாரம் என்று கத்தரித்தது. காத்தாடி ராமமூர்த்தி துப்பறியும் சாம்புவாக வந்ததையும், எஸ்.வி. சேகரின் வண்ணக் கோலங்களையும், சாவியின் வாஷிங்டனில் திருமணத்தையும் இன்றைக்கும் ஜனங்கள் ஆசையாகப் பேசுவதற்குக் காரணம், அவை சலிப்பதற்குள் முடிந்துவிட்டன. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’கூட அங்கே தொடராக வந்தது. ஸ்ரீரங்கத்துக்காரர் கற்பனையில் கி.பி. 2021-இல் பேசிய ரோபோ நாயை அந்தக் காலத்துத் தூர்தர்ஷன் பட்ஜெட்டில் குரைக்கவைப்பது சாமானியமா? கதை நன்றாக இருந்தது, ஜனங்கள் நாயை மன்னித்தார்கள்.

ராஜகோபுரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, 1987 ஜனவரியில், ராமானந்த் சாகரின் ராமாயணம் தொடங்கியிருந்தது. இந்தி எதிர்ப்பில் ஊறிய திருச்சி, பெரியார் மாளிகை இருக்கிற திருச்சி, ஞாயிறு காலை இந்தி பேசும் ராமர் முன்னால் பக்தியோடு உட்கார்ந்தது. ஒரு வார்த்தை புரியாது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை, கதையைக் கம்பர் ஏற்கெனவே சொல்லிவிட்டாரே! இரண்டு அம்பு நடுவானில் முட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்துவிடலாம்.

சாகரும் கம்பர் மாதிரியே பட்டாபிஷேகத்தோடு 1988 ஜூலையில் நிறுத்தினார். வடக்கே துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடும் அவர்களுக்கு, அவர் வருகிற உத்தர காண்டம் இல்லாமல் கதை முடிவதில் சம்மதமில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அரசு இறங்கிவந்தது, லவ குசர்களுக்குத் தனித் தொடர் கிடைத்தது. ஜனங்கள் கேட்டுக் கதை நீண்டது அதுதான். பிற்பாடு நீண்டதெல்லாம் சோப்புக் கம்பெனி கேட்டு நீண்டது.

1993 தமிழ்ப் புத்தாண்டில் சன் டி.வி. வந்தது. முதல் சில வருஷம் பொற்காலம் என்றே சொல்லலாம். வாரம் ஒரு தடவை வரும் தொடர்கள். பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ ஓடிய ராத்திரிகளில் கொல்லைப்பக்கம் தனியாகப் போக ஆள் கிடையாது. அதே வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’ குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று தாங்களே தொடர் எடுக்கிறார்கள். ஆக, நல்ல தொடர் இப்போதுதான் வருகிறது என்பது பொய். வந்தது, போனது, மறுபடி வந்திருக்கிறது.

போனது எப்படி? வாரத் தொடர் தினத் தொடர் ஆனது. 1999 கடைசியில் ராதிகாவின் ‘சித்தி’ வந்த பிறகு ராத்திரி ஒன்பதரைக்குத் தமிழ்நாட்டில் சமையலறைக்கு விடுமுறை. தினம் அரைமணி எடுக்க வேண்டும் என்றால் இன்று எழுதி, நாளை எடுத்து, மறுநாள் காட்ட வேண்டும். முடிவு என்ன என்று எழுதுகிறவருக்கே தெரியாது, வியாழக்கிழமை டி.ஆர்.பி. வந்தால்தான் தெரியும். எண் ஏறினால் கல்யாணம் தள்ளிப்போகும், இறங்கினால் யாராவது மாடிப்படியில் உருளுவார்கள். நடிகைக்குக் கல்யாணமானால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஓர் அட்டை, முகம் மாறியதைப் புருஷன் உட்பட யாரும் கவனிக்க மாட்டார்கள். ‘கோலங்கள்’ 2003-இல் தொடங்கி 2009-இல் 1533 எபிசோடோடு முடிந்தது. அதன் நாயகி அபி கம்பெனி தொடங்கியபோது பள்ளிக்கூடம் போன பிள்ளை, அவளுக்கு விடிவு வந்தபோது கல்லூரியில் இருந்தான். இவற்றிலும் நல்ல நடிப்பு உண்டு, ‘மெட்டி ஒலி’ போல வீட்டு வாசம் அடித்த கதையும் உண்டு. திறமைக்குக் குறைவில்லை. முற்றும் போடும் அதிகாரம்தான் கதை சொல்கிறவனிடம் இல்லை.

நம் பங்குனிக் கதை அந்தக் கையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆயில்யத்தன்று பெருமாள் காவிரிப் பாலத்தில் ஏறியதும் இடி முழக்கம், மூன்று தடவை முகம் நெருக்கத்தில். உறையூரிலிருந்து ஒரு மொட்டைக் கடிதம் கிளம்பும், ஆறு மாதம் தாயார் கைக்குப் போய்ச் சேராது. சமாதானம் பேசப் புறப்பட்ட நம்மாழ்வார் மாம்பழச்சாலையில் விபத்தில் நினைவிழப்பார். எண்ணூறாவது எபிசோடில் கதவு திறக்கும். வெளியே நிற்பது வேறு பெருமாள்.

இந்த இடத்தில்தான் ஓ.டி.டி. நம்மைப் பிடித்து இழுத்துக் கரையேற்றியது. புஷ்கரும் காயத்ரியும் எழுதிய ‘சுழல்’ 2022-இல் வந்தது. மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களை வரிசையாக வைத்து அதன்மேல் கதையைக் கட்டினார்கள், எட்டு எபிசோடு. திருவிழாக் கணக்கில் கதை சொல்வது நமக்குப் பழக்கமான வழிதானே! அதே வருஷம் ‘விலங்கு’. திருச்சிப் பக்கத்து வேம்பூர் காவல் நிலையம், மணப்பாறைப் பக்கத்து விமல் சப்-இன்ஸ்பெக்டர், பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கம், ஏழு எபிசோடு. நம் ஊர்ப் போலீஸ்காரர் டீ குடிப்பதும், அலுத்துக்கொள்வதும், மேலதிகாரியிடம் நெளிவதும் பார்த்தமாதிரியே இருந்தது. 2023-இல் முத்துக்குமார் எடுத்த ‘அயலி’, பழைய திருச்சி ஜில்லாவில் பெரும்பகுதி இருந்து 1974-இல் தனி மாவட்டமான புதுக்கோட்டையில் நடக்கிறது. பெரியவளானதை ஊருக்கு மறைத்துப் படிக்கப் போகும் ஒரு பெண், அம்மன் பேரைச் சொல்லி அவளைத் தடுக்கும் ஒரு கிராமம். சினிமாவில் இதற்கு ஒரு பாட்டும் கடைசியில் ஒரு சொற்பொழிவும் கிடைத்திருக்கும். இங்கே எட்டு எபிசோடு கிடைத்தது, சிரிக்கவைத்தே கன்னத்தில் அறைந்தார்கள்.

எழுத்தாளர்களுக்குத் திடீரென்று ஞானம் வந்துவிடவில்லை. கதை முழுவதையும் எழுதிய பிறகு கேமராவை எடுக்கிறார்கள், முடிவு எது என்று முதல் காட்சி எடுக்கும்போதே தெரிகிறது. உலகம் முழுவதும் இதே நியாயம்தான். சென்னையில் தூர்தர்ஷன் பிறந்த 1975-இல் பி.பி.சி.யில் தொடங்கிய ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ மொத்தமே 12 எபிசோடு, ஐம்பது வருஷமாகச் சிரிக்கிறார்கள். ‘பிரேக்கிங் பேட்’ புகழின் உச்சியில் இருக்கும்போதே 62-ஆவது எபிசோடில் கடையைச் சாத்திக்கொண்டது. புதிய வியாதியும் தொற்றிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்: எட்டாவது எபிசோடின் கடைசி நிமிஷத்தில் செத்தவன் கண் திறக்கிறான், அடுத்த சீசனுக்கு அச்சாரம். மெகா சீரியலின் ஆவி இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை.

ஆகவே, தொடர் எடுக்கும் புண்ணியவான்களுக்கு ஒரு விண்ணப்பம். கொலைகாரனைத் தேடி அலைந்தது போதும், ஸ்ரீரங்கம் வாருங்கள். 1323-இல் டில்லிப் படை வருகிறது. மூலவரை மறைத்துச் சுவர் எழுப்புகிறார்கள். வயதான பிள்ளை லோகாசாரியார் உற்சவரான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே தெற்கே நடக்கிறார். வெள்ளாயி என்ற தாசி படைத்தலைவனை மயக்கிக் கோபுரத்தின் மேல் அழைத்துப்போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதிக்கிறாள். ஊர் ஊராக 48 வருஷம் அலைந்து 1371-இல் பெருமாள் திரும்பினால், அவர் இடத்தில் வேறொரு விக்கிரகம் இருக்கிறது. எது அசல் என்று சொல்ல ஆளில்லை. கண் தெரியாத ஒரு கிழட்டு வண்ணார், திருமஞ்சனம் செய்த ஈரவாடைத் தீர்த்தத்தைச் சுவைத்துப் பார்த்துச் சொல்கிறார், இவரே நம்பெருமாள் என்று. ஸ்ரீவேணுகோபாலன் இதை ‘திருவரங்கன் உலா’வாக எழுதிவைத்திருக்கிறார். புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் ரத்தம் சொட்டும் துப்பறியும் கதைகளும் எழுதியவர் அவரேதான், ஆகவே திரைக்கதை வேகத்துக்குக் குறைவிருக்காது. எட்டே எபிசோடு எடுங்கள். வண்ணார் வாய் திறந்து தீர்ப்புச் சொன்னதும் முற்றும் போட்டுவிடுங்கள். தயவுசெய்து இரண்டாம் சீசன் வேண்டாம்.